சோழிங்கநல்லூர் யார் பக்கம் சாய்கிறது? தேர்தல் எண்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: மேடவாக்கத்தார்

வணக்கம். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சில ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று விதமான கூற்றுகள் வருகின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் சோழிங்கநல்லூரை உள்ளடக்கிய தென் சென்னைத் தொகுதியில் பாரதிய ஜனதா கட்சி அ.தி.மு.க.வைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம் பிடித்ததைக் காட்டி, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய புறநகர் முழுவதும் அந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டது என்கிறார்கள் சிலர். 2016, 2021 ஆகிய இரண்டு சட்டமன்றத் தேர்தல்களிலும் சோழிங்கநல்லூரில் தி.மு.க. வென்றதைச் சொல்லி, இது அந்தக் கட்சியின் கோட்டை என்கிறார்கள் வேறு சிலர். படித்தவர்களும் மென்பொருள் ஊழியர்களும் வாக்களிக்கவே போவதில்லை என்பதால் இந்தப் பகுதிக்கென்று ஒரு சாய்வே கிடையாது என்பது மூன்றாவது கூற்று.

மூன்றுமே உறுதியான குரலில் சொல்லப்படுகின்றன. ஆனால் எந்த எண்ணை எதனோடு ஒப்பிட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. 2011 முதல் 2024 வரையிலான முடிவுகளைக் கவனித்தவர்கள் இங்கே இருந்தால், ஒரு புறநகரின் அரசியல் சாய்வை நேர்மையாக எப்படி அறிவது என்று விளக்க வேண்டுகிறேன். எந்தக் கட்சி நல்லது என்ற விவாதம் இந்த இழையில் வேண்டாம்.

பதில்: சாவடி முகவர்

பல தேர்தல்களில் வாக்குச்சாவடி முகவராகவும் எண்ணிக்கை முகவராகவும் இருந்திருக்கிறேன். எந்தக் கட்சிக்காக என்பது இங்கே தேவையில்லை.

முதலில் தொகுதியின் பிறப்பைப் பார்க்க வேண்டும். சோழிங்கநல்லூர் 2008 தொகுதி மறுசீரமைப்பில் உருவாகி, 2011-இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. எல்லை வகுக்கக் கையில் எடுத்தது 2001 மக்கள்தொகைக் கணக்கு. அந்தக் கணக்கு எடுக்கப்பட்டபோது ஒக்கியம் துரைப்பாக்கமும் பெரும்பாக்கமும் பெரும்பாலும் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். அதன்பின் வந்த மென்பொருள் நிறுவனங்கள், அடுக்குமாடிகள், அரசின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் எதுவுமே அந்தக் கணக்கில் இல்லை. விளைவாக, 2021-இல் சோழிங்கநல்லூரின் வாக்காளர் பட்டியலில் சுமார் 6.9 லட்சம் பேர் இருந்தார்கள். சென்னைக்குள்ளேயே உள்ள துறைமுகம் தொகுதியில் சுமார் 1.76 லட்சம் பேர்தான். இரண்டுக்கும் ஆளுக்கொரு சட்டமன்ற உறுப்பினர். நம் தொகுதியின் ஒரு வாக்குக்கு அந்தத் தொகுதியின் வாக்கைப்போல் நான்கில் ஒரு பங்கு எடைதான் என்பதை நலச்சங்கங்கள் ஏனோ பேசுவதே இல்லை.

இவ்வளவு பெரிய தொகுதிக்கு ஒரே சாய்வு இருக்க முடியாது என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. இங்கே குறைந்தது நான்கு ஊர்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. நீலாங்கரையிலிருந்து உத்தண்டி வரை கடலோரம் நீளும் மீனவர் குப்பங்களும் அவற்றை ஒட்டிய பங்களாக்களும் ஒன்று. கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட மக்களின் குடியிருப்புகள் இன்னொன்று. மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், நன்மங்கலம் போன்ற இடங்களில் தனி வீடு கட்டிக் குடியேறிய நடுத்தரக் குடும்பங்கள் மூன்றாவது. இந்த அடுக்குமாடி வளாகங்கள் நான்காவது. இவற்றுக்கு நடுவே, இந்த நிலத்துக்கே உரியவர்களாகத் தலைமுறைகளாக வாழும் பழைய கிராமத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. உள்ளூர்க் கட்சிப் பொறுப்புகள் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

இனி எண்களுக்கு வருகிறேன். 2011-இல் அ.தி.மு.க.வின் கே.பி.கந்தன் வென்றார். 2016-இல் தி.மு.க.வின் எஸ்.அரவிந்த் ரமேஷ் ஏறத்தாழ 15 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2021-இல் அவரே கந்தனை ஏறத்தாழ 35 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். இதை வைத்துக் கோட்டை என்பவர்கள் 2016-ஐச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஆட்சியைத் தக்கவைத்தது அ.தி.மு.க. ஆனால் சோழிங்கநல்லூர், வேளச்சேரி, ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஐந்து தென்புறநகர்த் தொகுதிகளும் தி.மு.க.விடம் போயின. 2011-இல் இதே ஐந்தும் அ.தி.மு.க. அணியிடம் இருந்தவை; ஆலந்தூரில் மட்டும் அப்போது அந்த அணியிலிருந்த தே.மு.தி.க.வின் பண்ருட்டி ராமச்சந்திரன் வென்றிருந்தார். இடையில் நடந்தது 2015 டிசம்பர் வெள்ளம். அடையாற்றின் கரையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பும் மூழ்கி ஐந்தரை மாதத்தில் தேர்தல் வந்தது. வெள்ளம் ஒன்றே காரணம் என்று வாக்கு எண்ணிக்கையை வைத்து யாராலும் நிறுவ முடியாது. இருந்தாலும், மாநிலக் காற்றுக்கு எதிர்த்திசையில் ஐந்து தொகுதிகளும் சேர்ந்து திரும்பியதற்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் கணக்குக் கேட்கும் பகுதியாகவே இதை நான் பார்க்கிறேன்.

அடுத்து பா.ஜ.க. பற்றிய கூற்று. 2024-இல் தென் சென்னையில் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் 5.16 லட்சம், பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராசன் 2.90 லட்சம், அ.தி.மு.க.வின் ஜெ.ஜெயவர்தன் 1.72 லட்சம் வாக்குகள் பெற்றார்கள். இதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் புதிய அலை ஒன்று வீசியதுபோல் தோன்றும். 2014-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது அ.தி.மு.க. தனித்து நின்று 4.38 லட்சம் வாக்குகளுடன் வென்றது. மூன்றாவதாக வந்த பா.ஜ.க.வின் இல.கணேசன் 2.58 லட்சம் வாக்குகள் பெற்றிருந்தார். பத்தாண்டுகளில் பா.ஜ.க. அணி கூட்டிக்கொண்டது 32 ஆயிரம் வாக்குகள்தான்; வாக்காளர் பட்டியலும் அதற்கிடையே வளர்ந்திருக்கிறது. உண்மையில் மாறியது அ.தி.மு.க.வின் நிலை: 4.38 லட்சத்திலிருந்து 1.72 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டாம் இடம் கைமாறியதற்குப் பெரிய காரணம் ஒரு கட்சியின் ஏற்றமா, இன்னொன்றின் இறக்கமா என்று கேட்டால், எண்கள் இரண்டாவதையே காட்டுகின்றன. கூட்டணிகளும் மாறிக்கொண்டே இருந்தன என்பதை மறக்கக் கூடாது. 2014-இல் பா.ஜ.க. அணியில் தே.மு.தி.க., பா.ம.க., ம.தி.மு.க. இருந்தன, 2019-இல் பா.ஜ.க. அ.தி.மு.க. அணியில் இருந்ததால் இங்கே தனிச் சின்னத்தில் நிற்கவே இல்லை.

2019-இல் மக்கள் நீதி மய்யம் தென் சென்னையில் 1.35 லட்சம் வாக்குகளுடன் மூன்றாம் இடம் பெற்றதையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். 2024-இல் அந்தக் கட்சி போட்டியிடாமல் தி.மு.க. அணியை ஆதரித்தது. அந்த வாக்குகள் தலைமை சொன்ன பக்கம் அப்படியே போயிருந்தால் தி.மு.க.வின் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும், அதுவோ 5.64 லட்சத்திலிருந்து 5.16 லட்சத்துக்கு இறங்கியது. எந்தப் பெரிய கட்சிக்கும் கட்டுப்படாத ஒரு நகர்ப்புற வாக்கு இங்கே இருக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அது ஊகம்தான், யார் எந்தச் சின்னத்திலிருந்து எந்தச் சின்னத்துக்கு மாறினார்கள் என்பதைக் கூட்டுத்தொகை ஒருபோதும் சொல்லாது.

மூன்றாவது கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 69.72 விழுக்காடு, தருமபுரியில் 81.20; தென் சென்னையில் 54.17. 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூரில் பதிவானது ஏறத்தாழ 55 விழுக்காடு. அதாவது பட்டியலில் இருந்தவர்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. வென்றவர் பெற்றது 1.71 லட்சம். பட்டியலில் உள்ளவர்களில் நான்கில் ஒருவர் ஆதரித்தால் இங்கே வென்றுவிடலாம். இப்படிப்பட்ட இடத்தில் வெற்றி பெற்ற கட்சியை வைத்து மக்களின் மனச்சாய்வைச் சொல்வது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பதில்: பெரும்பாக்கம் வாசி

முகவர் அவர்களின் பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வாக்களிக்காத 3 லட்சம் பேரையும் அக்கறையற்றவர்கள் என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

நான் வாழ்வது முன்பு குடிசை மாற்று வாரியம் என்றும் இப்போது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றும் அழைக்கப்படும் அமைப்பு கட்டிய குடியிருப்பில். கண்ணகி நகரில் 2000-ஆம் ஆண்டு முதலும், பெரும்பாக்கத்தில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவிலும், கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. வீடு ஒதுக்கிய நாளில் எங்களுக்குச் சாவி கிடைத்தது. குடும்ப அட்டையும் பள்ளிச் சேர்க்கையும் வாக்காளர் பட்டியலும் அந்த நாளில் எங்களோடு வரவில்லை. பலருடைய பெயர் பழைய முகவரியிலேயே தங்கிவிட்டது. தேர்தல் நாளில் இங்கிருந்து பேருந்து ஏறி, இடிக்கப்பட்டுவிட்ட தங்கள் பழைய தெருவுக்குரிய சாவடியைத் தேடிப்போய் வாக்களித்தவர்களை நான் அறிவேன். அங்கே போனபோது இடம்பெயர்ந்தவர் என்று பெயர் நீக்கப்பட்டிருந்ததைக் கண்டு திரும்பியவர்களையும் அறிவேன். அத்தகையவர்கள் எந்தத் தொகுதியின் விழுக்காட்டிலும் இல்லை.

எங்களைப் பற்றி வெளியில் ஒரு பேச்சு உண்டு. பணம் கொடுத்தால் மொத்தமாக விழும் வாக்குகள் என்று சொல்கிறார்கள். பணம் எங்கள் குடியிருப்புக்கு வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை; தனி வீட்டுத் தெருக்களுக்கும் அது வருகிறது. ஆனால் இங்கே வேலைக்கும் பள்ளிக்கும் நகரத்துக்குப் போக எத்தனை பேருந்து இருக்கிறது, மின்தூக்கி பழுதானால் எட்டாவது மாடியிலிருந்து முதியவர் எப்படி இறங்குவார், காவல் துறை எங்கள் பிள்ளைகளை முகவரியை வைத்தே எப்படி நடத்துகிறது என்பவைதான் நாங்கள் வேட்பாளர்களிடம் கேட்கும் கேள்விகள். எதிரே உள்ள வளாகத்தில் கேட்கப்படுவது குடிநீர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும். இரண்டும் அரசு தர வேண்டிய அடிப்படை வசதிகளே. அவர்கள் கேட்டால் அது வளர்ச்சி அரசியல், நாங்கள் கேட்டால் அது இலவச அரசியல் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதில்: கடலோரத்தார்

சாவடி வாரியான எண்களைத் தேடிப்போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வாக்குச்சீட்டுக் காலத்தில், தேர்தல் ஆணையம் உத்தரவிட்ட இடங்களில், பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்த பிறகே எண்ணினார்கள். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது வெளியே தெரியக் கூடாது என்பதே நோக்கம். மின்னணு எந்திரம் வந்த பிறகு ஒவ்வோர் எந்திரமும் தனித்தனியே எண்ணப்படுவதால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பல எந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2015-இல் சட்ட ஆணையமே தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை.

பெரிய வளாகத்தில் இருப்பவர்களுக்கு இது ஆராய்ச்சிக்கு உதவும் புள்ளிவிவரம். ஒரு குப்பத்தில் வாழ்பவர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் குப்பத்துக்கும் அடுத்த குப்பத்துக்கும் வெவ்வேறு சாவடி. எண்ணிக்கை முடிந்த மறுநாளே எந்தக் குப்பம் எந்தச் சின்னத்துக்குப் போட்டது என்பது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். அதன்பின் சாலையோ தெருவிளக்கோ கேட்டுப் போகும்போது அந்த எண் முன்னால் வந்து நிற்கும். ஆகவே நீங்கள் கணக்குப் போடுவதானால் ஊர்ப் பெயரோடு பொதுவெளியில் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேடவாக்கத்தார்

மூவருக்கும் நன்றி. 2014-ஐயும் 2024-ஐயும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தது எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. அதைக் குழுவில் பகிர்ந்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எங்களைப் போன்ற அடுக்குமாடிவாசிகள் குறைவாக வாக்களிக்கிறார்கள் என்பதைச் சாவடி எண்களை வைத்துச் சரிபார்க்க முடியுமா? உள்ளாட்சித் தேர்தலில் இந்தப் பகுதியின் போக்கு எப்படி இருந்தது? கடலோரத்தார் சொன்னதை ஏற்று, எந்தத் தெருவின் பெயரையும் வெளியிட மாட்டேன்.

பதில்: சாவடி முகவர்

பெரும்பாக்கம் வாசி சொன்னது என் பதிலில் விடுபட்டிருந்த பெரிய பகுதி. பட்டியலில் பெயர் இல்லாதவர்களை எந்த விழுக்காடும் காட்டாது.

சாவடி வாரியான முடிவுகள் படிவம் 20 என்ற பெயரில் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கின்றன. அதோடு அந்தந்த ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டால், எந்த எண்ணுள்ள சாவடியில் எந்தத் தெருக்கள் அடங்கும் என்பது தெரியும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பட்டியல் திருத்தத்தின்போது சாவடிகள் பிரிக்கப்பட்டு எண்கள் மாறுகின்றன என்பதால், 2016-இன் 200-ஆம் எண்ணும் 2021-இன் 200-ஆம் எண்ணும் ஒரே இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணை விட்டுவிட்டுத் தெருப் பெயரைக் கொண்டு பொருத்துங்கள். ஓர் அடுக்குமாடி வளாகம் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்களோடு சேர்ந்தே ஒரு சாவடியில் வரும் என்பதால், வளாகம் மட்டும் தனியாக எப்படி வாக்களித்தது என்று பல இடங்களில் பிரித்தறிய முடியாது. பெரிய வளாகம் ஒன்று இரண்டு மூன்று சாவடிகளை முழுமையாக நிரப்பும் இடங்களில் மட்டுமே உங்கள் முதல் ஐயத்துக்கு விடை கிடைக்கும்.

அங்கும் குறைந்த விழுக்காட்டைக் கண்டவுடன் அலட்சியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாடகைக்கு இருந்து வேறு ஊருக்கு மாறிப்போனவரின் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், அவர் வராத வாக்காளராகவே கணக்கில் நிற்பார். மதுரையிலோ நெல்லையிலோ சொந்த வீட்டு முகவரியில் வாக்கு வைத்திருப்பவர் அங்கே போய் வாக்களிக்கிறார். 2019-இல் வாக்குப்பதிவு வியாழக்கிழமை, மறுநாள் புனித வெள்ளி. 2024-இல் வாக்குப்பதிவே வெள்ளிக்கிழமை. 2024-இல் சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடும் அளவுக்கு மக்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் வாக்களிக்கப் போனார்கள், எத்தனை பேர் விடுமுறைக்காகப் போனார்கள் என்பதை நம் தொகுதியின் எண்கள் சொல்லாது. இங்கேயே நிலையாக வாழ்பவர்கள் படிவம் 8 கொடுத்துத் தங்கள் பெயரை இந்தத் தொகுதியின் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளலாம். 2022 முதல் வேறு தொகுதியிலிருந்து மாறி வருவதற்கும் அந்த ஒரே படிவம் போதும். நலச்சங்கம் இதற்கென ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால், அதன் பலன் அடுத்த தேர்தலின் விழுக்காட்டில் தெரியும்.

உள்ளாட்சியைப் பொறுத்தவரை, நம் தொகுதி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சோழிங்கநல்லூர், பெருங்குடி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், நீலாங்கரை ஆகியவை 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம் போன்றவை பரங்கிமலை ஒன்றியத்தின் கிராம ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. ஆகவே உங்கள் பகுதிக்கு 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலும், நான்கு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தலும் நடந்தன. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமல் போட்டியிடுகிறார்கள் என்பதால், அந்த முடிவை வைத்துக் கட்சிச் சாய்வைச் சொல்ல வழியில்லை. ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சி வாக்குகள்தான் கட்சி அடிப்படையில் பதிவானவை. மாநகராட்சியில் 200 வார்டுகளில் 153 தி.மு.க.வுக்குக் கிடைத்தன, ஆனால் சென்னையின் வாக்குப்பதிவு 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை, மாநிலச் சராசரியோ 60-ஐத் தாண்டியது. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே மாநகராட்சியை நடத்தினார்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் இங்கே குடியேறியவர்களுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

குழுவில் பகிர்வதானால் முதலில் பட்டியலில் இருந்தவர்களின் எண்ணிக்கை, அடுத்து வாக்களித்தவர்களின் எண்ணிக்கை, அதன்பின் கட்சிகளின் வாக்குகள் என்ற வரிசையில் பகிருங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே அந்தத் தேர்தலில் யார் யாருடன் கூட்டணியில் இருந்தார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். படிவம் 20-இல் அஞ்சல் வாக்குகள் கடைசியில் தனி வரியாக இருக்கும்; அவற்றை எந்தச் சாவடியோடும் கூட்டிவிட வேண்டாம்.